பெயருடைய அழகும் பெயரற்ற அழகும்
யூலியா மாகிரட் கமரனின் பெண் நிழற்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் யூலியா மாகிரட் கமரனை (1815–1879) அழகின் உபாசகராகச் சித்திரிப்பது வழக்கம். தம்மெதிரே தோன்றிய அழகனைத்தையும் கைப்பற்ற விழைந்ததாக அவரே 1874இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பிற் கூறியிருத்தலின், இக்கூற்று ஆதாரமற்றதன்று. ஆயின் பெண்மையும் அழகுமே கலைஞரின் ஊக்குசக்தி எனக் கூறியவுடன் விமரிசனப் பணி முடிந்துவிடுவதில்லை. யாருடைய அழகு, எத்தகைய சமூக உறவின் வழியாகக் கருவியின் முன்னே கொண்டுவரப்பட்டது, எப்பெயரைத் தாங்கி வெளிவந்தது என்பன தொடர்ந்து எழும் வினாக்கள். நம் மலையகத்துப் பொகவந்தலாவையிலே, ஆலய வளவில் அடக்கஞ்செய்யப்பட்டவர் அவர். அவ்வினாக்களை எழுப்பும் கடப்பாடு நமக்குச் சற்று அதிகமாகவே உண்டு.

கல்கத்தாவிற் பிறந்த கமரனின் சகோதரிகள் அழகுக்குப் பெயர்பெற்றவர்கள். குடும்பத்தில் அழகற்றவராகக் கருதப்பட்டவர் இவர் ஒருவரே. 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் அளித்த கருவியுடன் இவரது கலைவாழ்வு தொடங்கியது. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடித்தாக வேண்டும். முன்னமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். உருவக்கோடுகள் மங்கியிருப்பதை அக்காலத் தொழில்முறை நிழற்படக்காரர் குறையெனச் சாடினர். கூர்மையான கோடுகளே உண்மை என்ற அவர்களது கொள்கையைக் கமரன் ஏற்கவில்லை. இவ்விடயத்தில் அவர் பக்கமே நாம் நிற்கிறோம்.

1867இல் எடுத்த சகோதரியின் மகள் யூலியா ஜாக்சனின் படங்கள் இதற்குச் சான்றாகும். அவற்றுள் ஒன்றிலே முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் நிற்கிறது. புன்னகை இல்லை, அணிகலன் இல்லை, பார்ப்பவரை மகிழ்விக்கும் நோக்கமும் இல்லை. நேரே நோக்கும் அக்கண்கள் சிந்திக்கும் ஒருத்தியின் கண்கள். பெண்ணழகை அலங்காரத்திலிருந்து விடுவித்து உள்ளத்தோடு இணைத்தமை, அக்காலப் பின்னணியில் வைத்து நோக்குமிடத்து, பெருஞ்சாதனையே. இப்பெண் பின்னாளில் வேர்ஜினியா வுல்ஃபின் தாயானார்.

மகள் 1926இல் ரோஜர் பிறையுடன் சேர்ந்து வெளியிட்ட கமரனின் படத்தொகுப்புக்குப் புகழ்பெற்ற ஆடவரும் அழகிய பெண்டிரும் என்னும் பொருளில் தலைப்பிட்டார். தலைப்பிலே எள்ளல் இருக்கலாம். எனினும் உண்மையும் உண்டு. டெனிசன், கார்லைல், ஹேர்ஷல், டார்வின் ஆகியோர் தத்தம் பெயரோடு நிற்க, பெண்களுட் பலர் மரியன்னையாகவும் புராணக் கன்னியராகவும் காவிய நாயகியராகவும் மாறியே நிற்கின்றனர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியர் எத்தனையோ படங்களில் மரியன்னையாக அமர்ந்தார். எசமானி அமரச் சொன்னால் பணிப்பெண் அமரத்தான் வேண்டும். தெய்வீகப் பொறுமை எனப் போற்றப்படும் அவ்வமைதியில் ஏவலுக்குப் பணியும் பழக்கமும் கலந்திருத்தல் கூடும்.

மற்றொரு பணிப்பெண் மேரி றயன் இரந்துண்ட தாயொருத்தியின் மகள். கண்காட்சியொன்றில் அவரது படத்தைக் கண்டு காதலுற்ற ஹென்றி கொற்றன் 1867இல் அவரை மணந்தார். பிற்காலத்தில் அசாமின் தலைமை ஆணையாளராகித் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலி உயர்வுக்காகத் துரைமாரைப் பகைத்துக்கொண்டவரும், 1904இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. நிழற்படம் ஒருத்தியின் வர்க்கத்தையே மாற்றிய அரிய நிகழ்வு இது.

1875இல் கமரன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கணவர் சாள்ஸ் ஹே கமரன் 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு அடிகோலிய கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவினர். இங்கு கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளர். 1869இல் தோன்றிய இலைநோய் அத்தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட கமரனின் படங்களுள் இலங்கையில் எடுத்தவை மிகச் சிலவே எஞ்சியுள்ளன. களுத்துறைக் குடியானவரும் தோட்டத் தொழிலாளரும் இளம்பெண்களும் அவற்றிற் காணப்படுகின்றனர். 1877இல் அங்கு தங்கிய ஓவியர் மரியான் நோர்த், தொழிலாளி ஒருவரின் முதுகழகில் மயங்கிய கமரன், தோட்டமே இல்லாதபோதும் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்திய கதையைப் பதிவு செய்துள்ளார். நகைச்சுவையாகவே அவர் எழுதினார். அழகைக் கண்டவுடன் அதற்குரியவரைக் கூலிக்கு அமர்த்தும் வல்லமையை அதனுள் நாம் காண்கிறோம்.

இலங்கைப் பெண்கள் மரியன்னையாக்கப்படவில்லை. ஹிலியர் இரவற்பெயர் பெற்றார். இவர்களுக்கு அதுவுமில்லை, சொந்தப் பெயரும் இல்லை. இளம்பெண், தொழிலாளி என்ற பொதுச்சொற்களே இன்றுவரை பட்டியல்களில் வழங்குகின்றன. கருவியும் பெரும்பாலும் சற்று விலகியே நிற்கிறது. யூலியா ஜாக்சனுக்குக் கிடைத்த அண்மை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதேவேளை, புராணப் போர்வை இன்மையால் இப்பெண்கள் வேறெவராகவும் நடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வெறும் காலனித்துவப் பார்வை என ஒரே வீச்சில் ஒதுக்குவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

அதனினும் பெரிய தவறொன்று உண்டு. கமரனின் பெண்ணழகு பற்றிப் பேசும் விமரிசகர் பலர் 1875உடன் நிறுத்திக்கொண்டு, எஞ்சியவற்றை இனவியல் ஆவணங்களாகத் தள்ளிவிடுகின்றனர். இங்கிலாந்துப் பணிப்பெண்ணின் முகம் கலையென்றும் தோட்டத்துப் பெண்ணின் முகம் தகவலென்றும் பிரிப்பதற்கு அப்படங்களில் எவ்வித நியாயமும் இல்லை. அதே கை, அதே ஈரத்தகடு, அதே பக்கவொளி.