சீட்டில் அடங்காத சிலந்தி

குறி கேட்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சென்ற மாதம் குறிச்சீட்டுகளின் எதிரே ஒரு முழு மாலைப் பொழுதைக் கழித்தேன். என் நண்பரின் மகளோடு கல்லூரியில் படித்தவள், டிரினிடாட் தீவைச் சேர்ந்த ஓவியப் பெண். கரீபியன் தீவுகளின் நாட்டுக் கதைகளை வைத்து ஒரு சீட்டுக்கட்டுத் தயாரித்து வருகிறாள். எழுதி முடித்த சில சீட்டுகளை என் மேஜைமேல் பரப்பி, அபிப்பிராயம் கேட்டாள்.

டாரோ சீட்டுக்கு 78 என்று கணக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் வழிவழியாக வந்த பொருளும் உண்டு. இந்த வகைக் குறிச்சீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எத்தனை சீட்டு, எதற்கு என்ன பொருள் என்பதெல்லாம் செய்கிறவரின் இஷ்டம். இஷ்டம் பெரிதானால் பொறுப்பும் பெரிதாகிவிடுகிறது.

முதல் சீட்டு அனான்சி. மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களுடைய சிலந்தி. அடிமைக் கப்பலில் வந்தவர்களின் நாவிலேறிக் கடல் கடந்தவன். புலியையே ஏய்ப்பான். சமயம் வாய்த்தால் பெண்டாட்டி பிள்ளைகளின் சோற்றையும் ஏய்த்துத் தின்பான். அவன் படத்தின் கீழே 'ஞானம்' என்று எழுதியிருந்தாள். பாதி உண்மைதான். சவுக்கின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அவன் பிழைக்கும் வழியைக் காட்டினான். அந்த வழியில் அழுக்கும் கலந்திருந்தது. அழுக்கைத் துடைத்துவிட்டால் அனான்சி பள்ளிக்கூட வாத்தியாராகிவிடுகிறான்.

சூக்குயான் சீட்டு அற்புதம். பகலில் ஊர்க்கோடியில் தனியே வாழும் கிழவி, இரவில் தோலைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்புப் பந்தாகப் பறந்துபோய் ரத்தம் குடிப்பாள். வாசலில் அரிசியை இறைத்துவிட்டால் ஒவ்வொரு மணியாக எண்ணித் தீர்க்காமல் அவளால் நகர முடியாது, அதற்குள் விடிந்துவிடும். ஓவியத்தில் கிழவியின் முகம் இல்லை. இருட்டில் அரிசி பொறுக்கும் விரல்கள் மட்டும் தெரிகின்றன. பயமும் பரிகாரமும் ஒரே படத்தில் வந்துவிட்டன. கதை தெரியாதவர்கூட, "இது யார் கை?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

டுவென் சீட்டில்தான் எனக்குச் சண்டை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் அவை. தலையில் பெரிய வைக்கோல் தொப்பி. பாதங்கள் பின்புறமாகத் திரும்பியிருக்கும். பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டுக்குள் இழுத்துப் போய்விடும் என்பதால், அந்தி வேளையில் பிள்ளையின் பேரை வெளியே உரக்கச் சொல்லமாட்டார்களாம். அந்தச் சீட்டின் கீழே 'விளையாட்டு' என்று இருந்தது.

"குழந்தையைப் பறிகொடுத்த வீடுகளின் கதை அல்லவா அம்மா இது?" என்றேன்.

"காலையில் சீட்டை எடுத்ததும் துக்கம் வந்தால், மறுநாள் கட்டைத் தொடுவார்களா, ஸார்?" என்றாள்.

நியாயமான கேள்வி. தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் அதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

பதிலாகப் பமீலா கோல்மன் ஸ்மித்தைப் பற்றிச் சொன்னேன். 1878-ல் லண்டனில் பிறந்து, சிறு வயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வளர்ந்தவர். அந்தத் தீவின் அனான்சிக் கதைகளை 1899-ல் தம் படங்களோடு புத்தகமாக்கினார். 1909-ல் வெளிவந்து இன்று உலகமெங்கும் புழங்கும் டாரோ கட்டுக்குப் படம் எழுதியவரும் அவரே. ஆனால் கட்டுக்கு வழங்கிவந்த பெயர் பதிப்பாளர் ரைடருடையதும், திட்டம் வகுத்த வெயிட்டுடையதும்தான். பெரிய வேலை, சொற்பக் காசு என்று அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். 1951-ல் கடனாளியாக இறந்தார். அந்த 78 சீட்டுகளில் அனான்சிக்கு இடம் கிடைக்கவில்லை.

விட்டுப்போன அந்தச் சீட்டைத்தான் இந்தப் பெண் எழுத வந்திருக்கிறாள். அதனால்தான் இவ்வளவு கறாராகப் பேசினேன். 1760-ல், டாக்கியின் கலகத்துக்குப் பிறகு, ஜமைக்காவின் சட்டசபை ஓபியா என்ற மந்திர வித்தைக்கு மரணமோ நாடுகடத்தலோ தண்டனை என்று விதித்தது. அன்று அடிமைகள் உயிரைப் பணயம் வைத்துக் காத்த நம்பிக்கைகளின் மிச்சம் இன்று அழகிய பெட்டியில் வருகிறது. வரட்டும், சந்தோஷம். கொடுத்த விலையைத் துடைத்துவிட்டு வரவேண்டாம்.

ஜமைக்காவில் அனான்சிக் கதையைச் சொல்லி முடித்ததும், இந்தக் கதைக்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லி விலகிக்கொள்வது வழக்கம். கதை சொல்கிறவருக்கு அந்தச் சலுகை உண்டு. கதையின் கீழே ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதுகிறவருக்கு அது கிடையாது.

'விளையாட்டு' என்ற சொல்லை அவள் இன்னும் அடிக்கவில்லை. ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்னைக் கேட்டதைவிட அது எவ்வளவோ மேல்.