ரிஷபமா, காந்தாரமா? சலநாட்டையை ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதுவதில் நேரும் பெயர்ப்பிழை

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா தம் இசைக்கோவைகளை மேலைநாட்டு ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதுபவர். அவர் பாடல்களைக் கேட்டு ஆய்வுக்காக எழுதுவோரும் பெரும்பாலும் அக்குறியீட்டையே கையாளுகின்றனர். அங்கே ஒலி சரியாக இருந்தும் சுரத்தின் பெயர் பிழையாவதுண்டு. ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பாடலுக்கு அடிப்படையாகப் பலரும் சுட்டும் சலநாட்டை இதற்கு ஏற்ற சான்று.

சலநாட்டை 36ஆம் மேளம். சட்சத்தைச் ‘சி’ எனக் கொண்டால் அதன் சுரங்கள் சி, டி ஷார்ப், இ, எஃப், ஜி, ஏ ஷார்ப், பி. டி ஷார்ப்பை இ ஃபிளாட் என எழுதினாலும் ஆர்மோனியத்தில் அதே கறுப்புக் கட்டைதான். வீணையில் அதே மெட்டுதான். கணினிக்கும் வேறுபாடு தெரியாது. மிடி முறையில் இரண்டுக்கும் 63 என்னும் ஒரே எண். ஆயினும் பெயர் மாறியதும் ரிஷபம் மறைந்து, காந்தாரம் இரண்டாகிவிடுகிறது. 12 தானங்களுக்கு 16 பெயர் வகுத்து, ஏழு சுரப்பெயரும் மேளந்தோறும் ஒவ்வொரு முறை வரவேண்டும் என்று அமைந்த 72 மேளத் திட்டம் அங்கேயே குலைகிறது.

ஆரோகணத்தில் இப்பிழை எளிதில் கண்ணில் படும். இ ஃபிளாட்டும் இயும் அடுத்தடுத்து நிற்பதே காட்டிக்கொடுத்துவிடும். ஏமாற்றுவது அவரோகணம். சலநாட்டையின் சேய் இராகமான நாட்டை ச நி ப ம ரி ச என இறங்குவது. எஃப், டி ஷார்ப், சி என்ற எழுத்துமுறை மேலையிசை பயின்ற கண்ணுக்கு உறுத்தலாகத் தோன்றும். ஏறும்போது ஷார்ப், இறங்கும்போது ஃபிளாட் என்ற பழக்கமும் சேர்ந்துகொள்ள, எழுதுபவர் அதனை இ ஃபிளாட் எனத் ‘திருத்தி’விடுகிறார். ம ரி ச என்பது ம க ச ஆகிறது. அப்பிரதியை நம்பிப் பகுத்தாய்பவர், இராகத்தில் இல்லாத சாதாரண காந்தாரத்தைக் கண்டு, இசையமைப்பாளர் அந்நிய சுரம் சேர்த்தார் என்றோ மரபை மீறினார் என்றோ எழுதக்கூடும். அம்மீறல் பாட்டில் நிகழ்ந்ததன்று, பிரதியில் நிகழ்ந்தது.

மேளப்பெயரை எங்கும் திணிப்பதும் பொருந்தாது. திரையிசையில் பாடகர் குரலுக்குக் கீழே சி மைனர் கார்டு ஒலிக்குமானால், வயலின் வரிசையில் இ ஃபிளாட் எழுதுவதே முறை. குரல்வரி அதே நொடியில் அதே ஒலியை டி ஷார்ப்பாகத் தாங்கி நிற்கலாம். பதிப்பாசிரியர் இரண்டையும் ஒன்றாக்காமல் விட்டு, எந்த வரி இராகத்தின்படியும் எந்த வரி கார்டின்படியும் பெயர் பெற்றது என்பதைப் பிரதியின் தலைப்பிலேயே குறித்துவிடலாம்.