முகமூடிக்குள் இருந்தும் கதை சொன்ன கால்கள்

பியாட்ரிக்ஸ் பாட்டர் குழந்தைகளுக்காக எழுதிய விலங்குக் கதைகளை வைத்து 1971-இல் வெளிவந்த ‘டேல்ஸ் ஆஃப் பியாட்ரிக்ஸ் பாட்டர்’ படத்தில் விலங்குகள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆடுபவர்கள் லண்டன் ராயல் பாலே குழுவின் முன்னணிக் கலைஞர்கள். ஆனால் ஒருவர் முகமும் நமக்குத் தெரியாது. ரோஸ்திஸ்லாவ் தோபுஜின்ஸ்கி செய்த முகமூடிகள் தலையை முழுவதுமாக மூடிவிடுகின்றன. பேச்சும் முகபாவமும் இல்லாமல் ஒரு தவளையையும் அணிலையும் முள்ளெலியையும் நம்பவைக்க வேண்டும். அதைச் செய்துகாட்டிய படம் இது. குழந்தைகளின் விலங்குக் கதைகளைப் பாலேவாகப் படமெடுத்த முயற்சிகளில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

வெற்றிக்கு முதல் காரணம் நடன அமைப்பாளர் ஃபிரெடரிக் ஆஷ்டன். ஏழு ஆண்டுகள் ராயல் பாலேவின் இயக்குநராக இருந்து, 1970-இல்தான் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். விலங்கை அப்படியே நகலெடுக்க அவர் முயலவில்லை. ஒவ்வொரு விலங்கின் உடலமைப்பும் பாலே இலக்கணத்தில் எங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று தேடினார்.

ஜெரமி ஃபிஷர் என்ற தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலே கற்கும் குழந்தை முதல் நாளிலிருந்து பழகுவது, இடுப்பிலிருந்தே கால்களை வெளிப்புறம் திருப்பி நிற்பதை. அந்த நிலையிலேயே முழங்காலை மடக்கித் தாழ்ந்தால் ‘பிளியே’. உட்கார்ந்திருக்கும் தவளையைப் பாருங்கள், அது பிறவியிலேயே பிளியேயில்தான் இருக்கிறது! மைக்கேல் கோல்மன் அந்த மடக்கலில் இருந்து விசையெடுத்துத் தாவுகிறார். காற்றில் கால்கள் விரிகின்றன. இறங்கும்போது மறுபடியும் அதே மடக்கல். சுத்தமான பாலே அடவு, அதே சமயம் சந்தேகத்துக்கு இடமில்லாத தவளை. அந்த உயரமும், சத்தமில்லாமல் தரையைத் தொடும் பக்குவமும் எந்தத் தலைமுறையிலும் சிலருக்கே வாய்ப்பவை.

பன்றிகளுக்கு ஆஷ்டன் கொடுத்தது பாயின்ட் காலணி. விரல் நுனியில் நிற்கும் பாதம் குளம்பாகிவிடுகிறது. ஷேக்ஸ்பியரை ஒட்டி 1964-இல் அவர் அமைத்த ‘தி டிரீம்’ பாலேவில், கழுதைத் தலையுடன் வரும் பாட்டம் என்ற பாத்திரத்தை ஆடிய அலெக்சாண்டர் கிராண்டுக்கும் இதே காலணியைத்தான் மாட்டினார். அதே கிராண்ட்தான் இந்தப் படத்தில் பிக்லிங் பிளாண்ட் என்ற பன்றிக்குட்டி. மேடையில் சோதித்துத் தேர்ந்த உத்தியைத்தான் சினிமாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அணில் நட்கினாக வரும் வேய்ன் ஸ்லீப் ஐந்தடி இரண்டங்குல உயரம். பாலே கதாநாயகனுக்கு அது குறை என்று கருதப்பட்ட காலம். இங்கே அந்த உயரமே பலம்: சுழற்சி மின்னல் வேகம், நிற்பதும் கிளம்புவதும் கண்ணிமைக்கும் நேரம். கிழட்டு ஆந்தையைச் சீண்டிக்கொண்டே இருக்கும் வாயாடி அணிலுக்கு வேறென்ன வேண்டும்?

சலவைக்காரி முள்ளெலி திருமதி டிகி-விங்கிளாக ஆடியவர் ஆஷ்டனேதான். அறுபதைத் தாண்டிய வயது. பெரிய தாவல் கிடையாது. சின்னச் சின்ன அடிகள், தோளிலும் இடுப்பிலும் ஒரு குலுக்கல். முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று சொல்லாவிட்டாலும், பெரிய கலைஞர் என்பதை அந்த நடையே காட்டிக்கொடுத்துவிடும்.

கேமராவுக்கு வருவோம். இயக்குநர் ரெஜினால்ட் மில்ஸ் அடிப்படையில் படத்தொகுப்பாளர். பாலே படங்களின் உச்சமான ‘தி ரெட் ஷூஸ்’ (1948) அவர் தொகுத்ததுதான், அதற்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். முகமூடியின் முகம் மாறாது, எனவே குளோசப்பில் அதிகம் கிடைக்காது. ஆடும் உடலைச் சட்டகத்துக்குள் முழுதாக வைக்க வேண்டும். மில்ஸ் பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறார். ‘இரண்டு கெட்ட எலிகள்’ கதையில் சினிமா தன் பங்கைச் செலுத்துகிறது: பொருள்கள் பெரிதாகிவிட, வளர்ந்த கலைஞர்கள் உண்மையிலேயே எலியளவு ஆகிவிடுகிறார்கள். ஜான் லேன்ச்பெரி பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்டுகளைக் கோத்து அமைத்த இசை, ஒவ்வொரு விலங்கின் நடைக்கும் தாளம் பிடித்துக் கொடுக்கிறது.

இதையே 1992-இல் ராயல் பாலே மேடைக்குக் கொண்டுபோனது. ஆஷ்டன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடையில் இந்தப் படைப்பு பாதி வலுவை இழக்கிறது என்பேன். குளக்கரையும் புல்வெளியும் போய்விட்டன. அளவு பற்றிய மாயம் போய்விட்டது. கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு முகமூடியின் நுணுக்கம் எட்டாது.

நேர்மாறான தவறு 2019-இன் ‘கேட்ஸ்’ திரைப்படம். ராயல் பாலேவின் முதன்மைக் கலைஞர் ஃபிரான்செஸ்கா ஹேவர்ட் அதில் வெள்ளைப் பூனை. முகத்தை மனித முகமாகவே விட்டுவிட்டு, உடல் முழுக்கக் கணினியில் ரோமம் போர்த்தினார்கள். ஆடும் தசை எங்கே இறுகுகிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதெல்லாம் அந்த ரோமத்தில் மறைந்துபோனது. போதாக்குறைக்கு, ஓர் அடவு முடியும் முன்பே வெட்டு விழுகிறது. அத்தனை திறமையான கலைஞரை வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கவிடாமல் செய்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வேய்ன் ஸ்லீப் 1981-இல் லண்டனில் அரங்கேறிய ‘கேட்ஸ்’ இசை நாடகத்தில் ஆடியவர். அங்கே பூனைகளின் வேடம் முகப்பூச்சும் ஒட்டிய உடையும்தான். உடல் தெரிந்தது, பூனையும் தெரிந்தது.

பாட்டர் படத்திலும் குறை உண்டு. சிறுமி பியாட்ரிக்ஸ் தன் அறையில் படம் வரையும் இடைக் காட்சிகள் இழுக்கின்றன. புத்தகங்களைப் படிக்காத குழந்தைக்குச் சில கதைகளின் முடிச்சு பிடிபடாது. ஆகவே வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதாக இருந்தால், முதல் நாள் தவளைக் கதையையும் அணில் கதையையும் வாசித்துக் காட்டிவிடுங்கள். படம் ஒன்றரை மணி நேரம்; சிறு பிள்ளைகளுக்கு இரண்டு தவணையாகக் காட்டலாம்.