ஐந்து மடங்கு சங்கிலி

தாஹிட்டிக்கு எதிரே உள்ள மூரேயா தீவின் ஒபுனோஹு விரிகுடா, பாய்மரப் படகில் கடல் சுற்றுவோர் விரும்பித் தங்கும் இடம். 1777-இல் ஜேம்ஸ் குக் நங்கூரமிட்டது இங்கேதான். அவர் பெயரோ பக்கத்து விரிகுடாவுக்குப் போய்விட்டது!

நங்கூரத்தைக் கடலில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வேலையே அதற்குப் பிறகுதான். காற்றுக்கு எதிர்முகமாகப் படகை நிறுத்தி, பவளப்பாறையைத் தவிர்த்து, வெளிர்நிற மணல்திட்டாகப் பார்த்து இறக்க வேண்டும். நீரின் ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது வழக்கம். சங்கிலி தன் கனத்தால் தரையோடு கிடக்கும். அதனால் இழுப்பு மேல்நோக்கி வராமல் கிடையாக வரும், நங்கூரம் மணலுக்குள் புதையும். இதற்கென்றே 1933-இல் கலப்பை வடிவில் ஒரு நங்கூரத்தை உருவாக்கியவர் ஜி.ஐ. டெய்லர், பெரிய இயற்பியல் மேதை. மேதைகள் இப்படியும் பொழுதுபோக்கலாம்.

எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். எஞ்சினை மெல்லப் பின்னோக்கி ஓட்டிச் சங்கிலிமேல் கை வைத்தால், பிடிக்காத நங்கூரம் அதிரும். பிடித்தது இறுகி நிற்கும். பக்கவாட்டில் கரையோரத் தென்னை ஒன்றையும் அதன் பின்னுள்ள முகட்டையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு கலைந்துகொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை; சோம்பாமல் அதைத் தூக்கி மறுபடி பாய்ச்சுங்கள்.