தையலின் உட்புறம்

1952இல் அமெரிக்காவின் பட்டரிக் நிறுவனம் 6015 என்ற எண்ணில் ஒரு கவுனுக்கான பேப்பர் பேட்டர்னை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலை உணவு முடிந்ததும் தைக்க உட்கார்ந்தால், மதிய விருந்துக்கு அதையே உடுத்திக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். ‘வாக்அவே’ கவுன் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. அரை நூற்றாண்டு கழித்து 4790 என்ற புது எண்ணில் அதை மறுபடி அச்சிட்டார்கள். பழைய பாணி உடைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் கைவைத்த பேட்டர்ன் அது. இந்தப் பழக்கத்தின் நன்மை தீமைகளை எடைபோட அதைவிடப் பொருத்தமான உடை எனக்குத் தெரியவில்லை.

அதன் அமைப்பு சுவாரசியமானது. முன்பக்கத் துண்டு ஒடுக்கமானது. இரு புறமும் சுற்றிப் பின்னால் போய் இடுப்பில் கொக்கி மாட்டிக்கொள்ளும். பின்பக்கத் துண்டு அம்ப்ரெல்லா பாவாடையாக விரிந்து, முன்னால் சுற்றி வந்து பட்டன் போட்டுக்கொள்ளும். ஜிப் கிடையாது. பாவாடையில் பக்கத் தையலும் கிடையாது. படத்தில் பார்த்தால் மெல்லிடை, அகன்ற விரிவு, மாறுபட்ட நிறத்தில் ஒரு விளிம்பு. பார்த்தவுடன் தைக்கத் தோன்றும்.

உடுத்திப் பார்த்தவர்களின் குறை வேறு மாதிரி இருக்கிறது. பாவாடையின் கனம் முழுவதும் பின்பக்கத் துண்டிலிருந்து தொங்குவதால், அது மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்கிறது. முன்கழுத்து ஏறி வந்து தொண்டையை அழுத்துகிறது. பக்கத் தையல் பிடிக்காததால் அக்குளுக்குக் கீழே துணி வாய் பிளந்து நிற்கிறது. விளிம்பு முழுவதற்கும் கிராஸாக வெட்டிய பட்டி வைக்க வேண்டும். அந்தப் பட்டியை வெட்டி, ஒட்டுப்போட்டு, மடித்துத் தைப்பதற்கே அரை நாள் போய்விடும். இதற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. வட்டமாக வெட்டிய பாவாடையில் சில இடங்களில் துணி நேர்நூலிலும் சில இடங்களில் கிராஸிலும் விழும். கிராஸில் விழுந்த இடம் தன் கனத்தாலேயே இறங்கும். அதனால் வட்டப் பாவாடையை ஒரு நாளாவது தொங்கவிட்டு, இறங்கியதைச் சமமாக வெட்டிய பிறகுதான் அடி மடிக்க வேண்டும். எந்தத் தையற்காரரும் முதலில் சொல்லித்தரும் பாடம் இது. மதியத்துக்குள் முடிகிற உடை என்ற வாக்குறுதி அந்தப் பாடத்தையே மீறுகிறது.

ஆகவே அந்தக் கவுனின் புகழுக்கு அடிப்படை அதன் தையல் தரம் என்று சொல்ல முடியாது. விற்றது பேட்டர்ன் உறையின் மேலிருந்த சித்திரம். இன்றும் பழைய பாணியைத் தேடிப் போகிறவர்களை முதலில் இழுப்பது அந்தச் சித்திரம்தான். இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குள்ள மரியாதையும் புகாரும் இங்கேதான் தொடங்குகின்றன. பழைய உடையில் கற்றுக்கொள்ளத்தக்கது அதன் உட்புறம்: வெட்டு, மடிப்பு, விட்டுவைத்த துணி, விளிம்பை முடித்த விதம். வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உட்புறத்தை விட்டுவிட்டால், கைக்கு வருவது வேடம் மட்டுமே.

வீட்டில் தைப்பதன் காரணமும் காலத்தோடு மாறியிருக்கிறது. பட்டரிக் நிறுவனத்தின் எபினேசர் பட்டரிக் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1863இல் பல அளவுகளில் காகித வெட்டுகளை, அதாவது பேட்டர்ன்களை, விற்கத் தொடங்கினார். அப்போது தையல் இயந்திரம் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்றது. 1927இல் வந்த சிம்ப்ளிசிட்டி, பேட்டர்னை 15 சென்டுக்குக் கொடுத்தது. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வீட்டில் தைப்பது சிக்கனம். கடை உடையின் விலை அவள் கைக்கு எட்டவில்லை. இன்று கணக்கு தலைகீழ். துணி, லைனிங், நூல், பட்டன் வாங்கிச் செலவழிப்பதற்குள் கடையில் இரண்டு குர்தி வாங்கிவிடலாம். ஆகவே மிச்சம் பிடிக்கலாம் என்ற காரணத்தை யாரும் சொல்ல வேண்டாம். வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

அவற்றில் முதலாவது நம் வீடுகளிலேயே இருக்கிறது. பாட்டி காலத்துக் கறுப்பு இயந்திரம், காலால் மிதிப்பதோ கையால் சுற்றுவதோ, நேர்த்தையல் மட்டுமே போடும். ஜிக்ஜாக் வராது, ஓவர்லாக் வராது. இழுபடும் பனியன் துணியை அதில் தைத்தால் தையல் விட்டுப்போகும், இழுத்தால் நூல் அறுந்துவிடும். அதனால் பயனற்றது என்று பல வீடுகளில் மூலையில் தள்ளிவிட்டார்கள். 1940களிலும் 50களிலும் வந்த வீட்டு உடைகள் இத்தகைய இயந்திரத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. நெய்த துணி, டாட் பிடித்து உருவாக்கும் வளைவு, பக்கவாட்டில் திறப்பு. ஓவர்லாக் இல்லாததால் பிசிறை அடக்க வேறு வழிகள் தேவைப்பட்டன. நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு தையல் போட்டு, பிசிறை நறுக்கி, திருப்பி உள்ளே இன்னொரு தையல் போடும் பிரெஞ்சு தையல். சட்டையில் பார்க்கிற மடித்து அடிக்கும் தையல். கையால் சுற்றிக் கட்டுவது. இப்படி முடித்த உடையின் உட்பக்கத்தில் பிசிறு தெரியாது, பல வருடம் துவைத்தாலும் பிரியாது. ஒரு பழைய இயந்திரத்துக்கு மறுபடி வேலை கொடுக்கும் பாணி என்ற அளவிலேயே இது எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

இரண்டாவது, ஆம்ஹோல். பழைய உடைகளில் ஆம்ஹோல் அக்குளுக்கு நெருக்கமாக, உயரத்தில் இருக்கும். பார்ப்பதற்கு இறுக்கம்போலத் தோன்றினாலும், கையைத் தூக்கும்போது கை மட்டும் அசையும், உடை இடத்தைவிட்டு நகராது. ஆயத்த உடையில் யாருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக ஆம்ஹோலைத் தாழ்வாக வெட்டுகிறார்கள். பேருந்துக் கம்பியைப் பிடித்தால் மொத்த உடையும் மேலே ஏறுகிறது. பழைய வெட்டை ஒரு முறை தைத்து உடுத்தியவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி குறைகள். முதல் குறை அளவு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க பேட்டர்னில் 14ஆம் எண் என்றால் மார்பளவு 32 அங்குலம். இன்றைய கடை எண்ணோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. எண்ணை விட்டு அங்குலத்தைப் பார்த்தாலும் பிரச்சினை தீராது. அந்த வெட்டுகள் இடுப்பை இறுக்கும் கச்சைக்கும் மார்பைக் கூர்மையாக நிறுத்தும் உள்ளாடைக்கும் மேலே போடுவதற்கென வரையப்பட்டவை. 1947 பிப்ரவரியில் கிறிஸ்டியான் டியோர் பாரிஸில் காட்டிய ‘நியூ லுக்’ இடை, துணிக்கு அடியிலிருந்த கட்டுமானத்தால் வந்தது. அந்தக் கச்சைகளை இன்று யாரும் போட வேண்டியதில்லை, போடாததே நல்லது. ஆனால் கச்சையைக் கழற்றிவிட்ட உடம்புக்கு வெட்டையும் திருத்தி வரைய வேண்டும். இதைச் சொல்லாமல் சித்திரத்தை மட்டும் காட்டி விற்பவர்கள், பொருந்தாத கவுனைக் கண்ணாடியில் பார்க்கும் பெண்ணைத் தன் உடம்பிலேயே குறை காண வைக்கிறார்கள். இது எனக்குக் கோபம் தரும் விஷயம். குறை காகிதத்தில் இருக்கிறது.

மறு அச்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பேட்டர்ன்களைத் திரும்ப வெளியிடும்போது பலவற்றில் குறிப்புகளை எளிதாக்கிவிடுகிறார்கள். துணியாலேயே உதடு வைத்துத் தைக்கும் காஜா போய், இயந்திரக் காஜா வருகிறது. கையால் குத்தி நிறுத்திய உள்துணி போய், இஸ்திரி வைத்தால் ஒட்டும் கேன்வாஸ் வருகிறது. உடம்பை ஒட்டி நின்ற உடையில் தாராளமாகத் தளர்வு சேர்ந்துவிடுகிறது. நேரம் குறைகிறது, உண்மைதான். ஆனால் எதைக் கற்க வந்தோமோ அது கழன்றுபோய் உறைப்படம் மட்டும் மிஞ்சுகிறது.

காலத்தை மறந்துவிடுவது இன்னொரு குறை. 1940களின் ஆங்கிலேய உடைகள் ஏன் அப்படி இருந்தன? பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று உடைக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன். ஒரு கம்பளிக் கவுனுக்கே 11 கூப்பன் போய்விடும். அடுத்த ஆண்டு வந்த விதிகள் மடிப்பு, பட்டன், பாக்கெட் ஆகியவற்றின் எண்ணிக்கையைக்கூடக் கட்டுப்படுத்தின. ஒடுங்கிய பாவாடையும் குறைந்த பட்டனும் அழகுணர்ச்சியால் மட்டும் பிறந்தவை அல்ல, துணி கிடையாது. 1943இல் அரசே ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்ற கையேட்டை வெளியிட்டு, இருக்கிற உடையைப் பிரித்துத் தைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. அந்தப் பத்தாண்டின் தோற்றத்துக்காகப் புதிதாக நான்கு மீட்டர் பாலியெஸ்டர் வாங்குகிறவர் அந்தக் காலத்துக்கு நேர்எதிராக நடக்கிறார். அலமாரியில் கிடக்கும் பழைய புடவையைப் பிரித்துத் தைப்பவரே 1943க்கு நெருக்கமானவர். தமிழ் வீடுகளில் இந்த வேலைக்குக் கையேடே தேவைப்பட்டதில்லை. பட்டுப்பாவாடையில் டக் வைத்துத் தைத்து, பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஜாக்கெட்டின் பக்கங்களில் துணி விட்டு, இரண்டு மூன்று தையல் வரிசை ஓட்டினார்கள். உடம்பு கூடினால் உள்வரிசையைப் பிரித்தால் போதும்.

‘நானே தைக்கிறேன், அதனால் மலிவு ஆடைத் தொழிலின் பாவத்தில் எனக்குப் பங்கில்லை’ என்ற வாதத்தையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு இந்த வாதம் உலகெங்கும் வலுப்பெற்றது. அதில் நேர்மையான வேதனை இருக்கிறது. ஆனால் தைப்பது கடைசிக் கட்டம். பஞ்சு, நூற்பு, நெசவு, சாயம் ஆகிய முந்தைய கட்டங்கள் எல்லாம் மீட்டர் துணியிலும் அப்படியே இருக்கின்றன. நொய்யலாற்றைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நூற்பாலைகளில் இளம்பெண்கள் பட்ட பாடு தமிழ்நாட்டுக்குத் தெரியாததும் அல்ல. துணி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வீட்டில் தைப்பவர் பாதி வழிதான் வந்திருக்கிறார். மீதி வழிக்குக் கைத்தறிக்கடை உதவும். 1960களில் அமெரிக்கா, சாயம் போவதையே பெருமையாக விளம்பரப்படுத்தி விற்ற மெட்ராஸ் கட்டத் துணி நம் பக்கத்துத் தறியில் நெய்தது. அந்தக் காலத்துச் சட்டைக் கவுனைத் தைக்க விரும்புகிறவருக்கு அதைவிட உண்மையான துணி வேறு எது?

நம் ஊரில் இந்த ஆசை பெரும்பாலும் ஜாக்கெட்டின் வழியாக வருகிறது. சரோஜாதேவி காலத்துப் போட் நெக், பஃப் கை, முழங்கை வரை இறங்கும் கை. இங்கே பேப்பர் பேட்டர்ன் வாங்கும் பழக்கம் குறைவு. அளவு ஜாக்கெட்டை வைத்தோ டேப்பால் உடம்பை அளந்தோ நேராகத் துணியில் வரைகிறோம். இது பெரிய பலம். நம் வெட்டு உடம்பிலிருந்து தொடங்குகிறது, அச்சிட்ட எண்ணிலிருந்து அல்ல. பலவீனம், மாதிரிக்கு நம்மிடம் இருப்பது திரைப்படக் காட்சி மட்டுமே. ‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வண்ணத்தில் வந்தது, ஆனால் அக்காலப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு-வெள்ளை. அந்த ஜாக்கெட்டுகளின் நிறம்கூட நமக்குத் தெரியாது, உள்தையலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதனால் பார்த்ததைப் பார்த்தபடி தைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். போட் நெக்கில் கழுத்து தோள் எலும்புவரை அகலும். தோளின் சரிவைச் சரியாக எடுக்காவிட்டால் முன்கழுத்து தூக்கிக்கொண்டு நிற்கும். மார்பு டாட் போதாவிட்டாலும் அதே கதிதான். பஃப் கைக்குத் தோள் அகலத்தை அரை அங்குலமாவது குறைக்க வேண்டும். அப்போதுதான் சுருக்கம் எலும்பின் மேல் நிமிர்ந்து நிற்கும், இல்லையேல் கையில் வழிந்து தொங்கும். துணியும் முக்கியம். 2×2 ரூபியாவை நனைத்து உலர்த்தித் தைத்தால் பஃப் நிற்கும். வழுக்கும் சாட்டினில் நிற்காது.

இந்த வேலையை ஒரு தடவை ஒழுங்காகச் செய்தவருக்கு, தெருவில் தைத்துக்கொடுக்கும் அக்கா கேட்கும் கூலி அதிகமாகத் தோன்றாது. தமிழ்நாட்டில் தையல் நீண்ட காலமாகப் பெண்களின் பிழைப்பு. ஏழைப் பெண்களுக்கு அரசு விலையில்லாமல் தையல் இயந்திரம் கொடுப்பது அதனால்தான். அந்தப் பிழைப்பின் மேல் பொழுதுபோக்காக வந்து உட்காரும்போது, அதன் திறமையை மதிக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. ‘ஒரு மணி நேரத்தில் ரெட்ரோ ஜாக்கெட்’ என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் அந்தக் கடமையை மறக்கின்றன. பின்கழுத்துக்குப் புதுப்புது வடிவங்கள் காட்டுகிறார்கள். ஆம்ஹோலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு பழைய ஜாக்கெட்டை மேசையில் வைத்து, தையலைப் பிரித்து, துண்டு துண்டாகக் காகிதத்தில் வரையச் சொல்லும் வகுப்பு இருந்தால் முதல் ஆளாகப் போய்ச் சேருவேன். அங்கே முதல் வாரம் தையல் இயந்திரத்தைத் தொடவே விடக்கூடாது.