‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில் விதியும் பொறுப்பும்: இரு தூதர்களை முன்வைத்து

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தை விதியின் துன்பியலாக வகைப்படுத்துவது வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். இதற்கு முதற்சான்றாகக் காட்டப்பெறுவது நாடகத்தின் முன்னுரைப் பாடல். காதலர் இருவரும் விண்மீன்களின் பகைக்கு ஆளானவர்கள் என அது தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. எனினும், 1597, 1599 ஆகிய ஆண்டுகளின் குவார்ட்டோ பதிப்புகளில் காணப்பெறும் இப்பாடல் 1623ஆம் ஆண்டின் முதல் ஃபோலியோ பதிப்பில் இடம்பெறவில்லை. பாடலை நீக்கிவிட்டு நாடகத்தைப் படிப்பின், விதியைப் பற்றிப் பேசுவோர் கதைமாந்தரே. அவர்கள் அதனை எப்போது பேசுகின்றனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

டைபால்ட்டைக் கொன்ற மறுகணமே ரோமியோ தன்னை ஊழின் கைப்பாவை என நொந்துகொள்கிறான். வாள் இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. கல்லறையில் ஜூலியட் கண்விழித்தபோது, மனிதரால் எதிர்க்கவியலாத ஒரு பேராற்றல் நம் திட்டங்களைக் குலைத்துவிட்டது என்கிறார் லாரன்ஸ் துறவி. அவ்வாறு கூறியவர் காவலர் வரும் ஓசை கேட்டு அஞ்சி, கணவனின் பிணத்தருகே அச்சிறுமியைத் தனியே விட்டு வெளியேறுகிறார். விதியின் பெயர் உச்சரிக்கப்படும் இவ்விரு இடங்களிலும், உச்சரிப்பவரின் சொந்தச் செயலுக்கு விடை கூறவேண்டிய கட்டாயம் எழுந்திருக்கிறது. இதனைத் தற்செயல் என ஒதுக்குதல் இயலாது.

விதிக்கொள்கையினரின் வலுவான சான்று, சென்று சேராத கடிதம். மாந்துவாவில் இருக்கும் ரோமியோவுக்கு லாரன்ஸ் எழுதிய கடிதத்தை ஜான் துறவி எடுத்துச் செல்லவேண்டும். வழித்துணையாக வேறொரு துறவியைத் தேடி, நோயாளிகளைக் கண்டுவந்த அவரை ஜான் சந்திக்கிறார். கொள்ளைநோய் புகுந்த வீட்டில் இருவரும் இருந்திருக்கலாம் என ஐயுற்ற நகர ஆய்வாளர்கள் கதவை அடைத்து முத்திரையிட்டுவிடுகின்றனர். கடிதத்தைத் திருப்பி அனுப்பவும் ஆள் கிடைக்கவில்லை. தொற்றுக்கு அஞ்சி எவரும் முன்வரவில்லை. கொள்ளைநோயால் 1592 முதல் 1594 வரை பெரும்பாலும் மூடிக் கிடந்தவை லண்டன் நாடக அரங்குகள். அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் இந்நாடகத்தைக் கண்ட மக்களுக்கு அடைக்கப்பட்ட கதவு என்பது விண்மீன்களின் செயலாக மட்டும் தோன்றியிருக்க இயலாது. அது நகர நிருவாகத்தின் அன்றாட ஆணை.

இதனினும் இன்றியமையாத செய்தி ஒன்றைத் திறனாய்வுகள் போதிய அளவில் கருதவில்லை எனத் தோன்றுகிறது. மூன்றாம் அங்கத்தில் ரோமியோவை மாந்துவாவுக்கு அனுப்பும்போது, உன் பணியாளைக் கண்டறிந்து அவன்வழியாகவே இங்கு நிகழ்வனவற்றை அவ்வப்போது அறிவிப்பேன் என்று லாரன்ஸ் வாக்களிக்கிறார். அப்பணியாள் பால்தசார். நான்காம் அங்கத்தில் வாக்கு மறக்கப்படுகிறது. பால்தசாருக்கு மாற்றாக ஜான் துறவி தேர்ந்தெடுக்கப்படுகிறார். மறைதிட்டம் எதனையும் அறியாத பால்தசார் ஜூலியட்டின் அடக்கத்தைக் கண்ணால் கண்டு, விரைந்து சென்று அச்செய்தியைத் தன் தலைவனிடம் சேர்ப்பிக்கிறான். உண்மை அறிந்த மடல் பூட்டிய வீட்டினுள் கிடக்க, உண்மை அறியாத தூதன் தடையின்றி மாந்துவாவை அடைகிறான். லாரன்ஸ் முன்பு சொன்னபடி அதே பணியாளிடம் கடிதத்தைத் தந்திருப்பின், கொள்ளைநோய்க்கு இக்கதையில் வேலையே இருந்திராது.

இங்குக் காலமும் கருதத்தக்கது. ஷேக்ஸ்பியருக்கு மூலமாக அமைந்த ஆர்தர் புரூக்கின் கதைப்பாடல் (1562) கிறித்துமசு காலத்து விருந்தில் காதலரைச் சந்திக்கவைத்து, ஈஸ்டரை ஒட்டி டைபால்ட்டின் மரணத்தை நிகழ்த்துகிறது. நாடகமோ ஞாயிறு காலையில் தொடங்கி வெள்ளி விடியலில் முடிந்துவிடுகிறது. கடிதம் தடைபடும் நிகழ்ச்சி புரூக்கிடமும் உண்டு; நாடகத்தில் அதனைக் கொடியதாக்குவது இந்த நெருக்கடிதான். மணநாளை வியாழன் என்று குறித்த கேபுலெட், மகள் இணங்கிவிட்டாள் என்ற களிப்பில் புதனுக்கு மாற்றுகிறார். ஆகவே ஜூலியட் செவ்வாய் இரவே மருந்தை அருந்தவேண்டியதாகிறது. அதன் ஆற்றல் 42 மணிநேரம். தந்தையின் ஒரு சொல்லால் கடிதத்திற்கு இருந்த ஒரு நாள் இல்லாமற்போகிறது.

தமிழில் இந்நாடகத்தை விளக்குவோர் ‘ஊழ்’ என்னும் சொல்லை எளிதாகக் கையாள்கின்றனர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் மரணத்திற்குக் காரணம் கேட்டால், மதுராபதித் தெய்வம் முற்பிறப்பையும் சங்கமன் கொலையையும் எடுத்துரைத்துக் கணக்கை விளக்குகிறது. அங்கு ஊழ் என்பது செய்த வினையின் தொடர்ச்சி. வெரோனாக் காதலருக்கு அத்தகைய முற்கணக்கு ஏதுமில்லை. கணக்கு இருப்பது பெற்றோரிடம். அதுவும் இப்பிறவியிலேயே, பகையின் காரணம் இன்னதெனக் கூறப்படாத நிலையில். இவ்வேறுபாட்டைச் சுட்டாமல் ஊழ் என மொழிபெயர்ப்பது ஷேக்ஸ்பியருக்கும் இளங்கோவுக்கும் ஒருசேர இழைக்கும் பிழை.

இவ்வாதத்திற்கு எதிரான சான்றுகளும் நாடகத்தில் உள்ளன. விருந்துக்குச் செல்லும் முன்பே ரோமியோவின் உள்ளம் தீங்கை உணர்கிறது. பிரியும் விடியலில் கீழே நிற்கும் கணவன் கல்லறையில் கிடக்கும் பிணமாக ஜூலியட்டின் கண்ணுக்குத் தோன்றுகிறான். இவை எச்செயலுக்கும் சாக்குப்போக்காக எழுந்தவை அல்ல. பொறுப்புக் கோட்பாட்டால் இவற்றைக் கரைத்துவிட இயலாது. ரோமியோ இறந்ததற்கும் ஜூலியட் விழித்ததற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களும் அத்தகையனவே.

மரணச் செய்தி கேட்டதும் ரோமியோ விண்மீன்களை நோக்கி உரைக்கும் கூற்றிலும் பாடவேறுபாடு உண்டு. 1597ஆம் ஆண்டுப் பதிப்பில் அவன் அவற்றை எதிர்த்து அறைகூவுகிறான். 1599ஆம் ஆண்டுப் பதிப்பில் மறுக்கிறான். பதிப்பாசிரியர் பலர் முன்னதையே ஏற்கின்றனர். பின்னதற்கும் பொருள் உண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. எதிர்ப்பவன் விண்மீன்களின் ஆற்றலை ஒப்புக்கொள்கிறான். மறுப்பவன் அதனையும் ஒப்பவில்லை.

இறுதிக் காட்சியில் வெரோனாவின் கோமகன் விண்மீன்களைக் குற்றம் சாட்டவில்லை. வானகம் உங்கள் வெறுப்பைத் தண்டித்தது என்று கூறுமிடத்தும் அவர் கைநீட்டுவது இரு குடும்பத் தலைவர்களை நோக்கியே; அவர்தம் பூசலைக் கண்டும் காணாதிருந்த தன்னையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொள்கிறார். சிலர் மன்னிக்கப்படுவர், சிலர் தண்டிக்கப்படுவர் என அறிவிக்கும் அவர், அவர்கள் எவரெவர் என்பதைச் சொல்லாமலே மேடையைவிட்டு அகல்கிறார்.