நிறந்தணிக்கும் பூச்சுக்களும் அவற்றின் பரீட்சையும்

முகத்திற் படரும் கருந்திட்டுக்களை மாற்றுவதாகக் கூறும் பூச்சுக்களும், இந்நாளிற் சீரம் என்னும் பெயரோடு சிறு குப்பிகளில் விற்கப்படும் நீர்மங்களும் பலவாகும். அவையெல்லாம் 'விஞ்ஞான முறையிற் பரீட்சிக்கப்பட்டவை' என்ற முத்திரையோடே கடைக்கு வருகின்றன. பரீட்சிக்கப்பட்டது யாது, எத்தனை பேரிடத்து, எத்துணைக் காலம் என்னும் வினாக்களை வாங்குவோர் எழுப்புதல் அரிது. யப்பானில் 2013-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி, அவ்வினாக்களை எழுப்பாமை எவ்வளவு கேடு தரும் என்பதைக் காட்டிற்று.

தோலுக்கு நிறந்தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். மேற்றோலின் அடியிலுள்ள நிறக்கலங்கள் தைரோசின் என்னும் அமினோவமிலத்திலிருந்து அதனை ஆக்குகின்றன. அவ்வாக்கத்தின் முதற்படியை நடத்துவது தைரோசினேசு என்னும் நொதியம். ஆதலின், அந்நொதியத்தைத் தடுக்கும் பொருளைத் தேடுதலே நிறந்தணிக்க முயல்வோரின் முதல் வேலையாயிற்று. ஆயின் அவர்கள் சோதனைக் குழாயிற் பெரும்பாலும் இடுவது மனிதத் தோலின் நொதியமன்று, காளானிலிருந்து பிரித்தெடுத்ததாகும். அது மலிவானது, எளிதிற் கிடைப்பது. இவ்விரண்டையும் விட அதற்கு வேறு தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. 2018-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டாய்வு, காளானின் நொதியத்தை நன்கு அடக்கும் கோசிக்கமிலம் மனித நொதியத்தின்முன் மிகவும் வலிகுன்றி நிற்பதைக் காட்டிற்று. எனினும் குப்பிகளின் மேலுள்ள பெருமொழிகள் பலவற்றுக்கு வேர் காளானிலேயே இருக்கின்றது.

குழாயைக் கடந்து மனிதர் முகத்துக்கு வந்தபின்னரும் இடர் நீங்குவதில்லை. மங்கு எனப்படும் நோய்க்கு மருத்துவர் கையாளும் மதிப்பெண் முறை ஒன்றுண்டு. நெற்றிக்கும் இரு கன்னங்களுக்கும் முப்பது முப்பது வீதமும், மோவாய்க்குப் பத்து வீதமும் எனப் பங்கிட்டு, திட்டின் பரப்பையும் கருமையையும் கண்ணால் மதித்து, 0 முதல் 48 வரை எண்ணிடுவர். கண் மதிப்பு ஆளுக்காள் வேறுபடும் என்பதனால், ஒளியைத் தோலிற் பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. கருவி பிழையாது அளக்கலாம். ஆனால், கோடை கழிந்த மாதங்களிற் பூச்சின்றியே தோல் சற்று வெளுக்கும் என்பதை அது அறியாது. அன்றியும், சோதனைக்குட்பட்டோர் எல்லாருக்கும் வெயில் தடுக்கும் களிம்பையும் கொடுத்தல் வழக்கம். அக்களிம்பே திட்டைக் குறைக்க வல்லது. ஆகவே, மருந்தற்ற வெறும் பூச்சை இட்ட முகங்களோடு ஒப்பிடாத எந்தச் சோதனையும் நம்பத்தக்கதன்று.

இனி யப்பானுக்கு வருவோம். கனெபோ என்னும் நிறுவனம் ரோடோடெனால் என்ற பொருளை நூற்றுக்கு 2 வீதம் சேர்த்த பூச்சுக்களை 2008-இல் விற்கத் தொடங்கிற்று. அரசின் அங்கீகாரமும் அதற்கு இருந்தது. அத்தகைய பொருள்களுக்கு அந்நாட்டில் இசையப்படும் கூற்று, மெலனின் உண்டாதலை அடக்கிக் கரும்புள்ளி தோன்றாமற் காக்கும் என்பதே. வாங்குவோர் செவியில் அது வெண்மை தரும் என்று விழுந்தது. 'அழகிய வெண்மை' எனப் பொருள்படும் பிஹாக்கு என்ற சொல்லே அவ்வணிகத்தின் கொடியாக இருக்கையில் வேறெவ்வாறு விழும்? 2013 யூலை 4-ஆம் நாள் ஐம்பத்துநான்கு பண்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஏறக்குறைய எட்டு இலட்சம் பேர் அவற்றைப் பூசியிருந்தனர். பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் நிறமற்ற வெண்டிட்டுக்கள் தோன்றின. பூச்சை நிறுத்தியபின் பலர்க்கு நிறம் மீண்டது, சிலர்க்கு மீளவில்லை.

அப்பொருள் பயனற்றதாக இருந்ததில்லை என்பதை ஈண்டுக் கருதல் வேண்டும். அது நொதியத்தைத் தடுத்தது, மெலனினைக் குறைத்தது. அதனைச் சோதித்தோர் கூறியது பொய்யன்று. ஆனால் அது தடுத்த முறை யாது? தைரோசினை ஒத்த வடிவுடையதாதலின், தைரோசினுக்குரிய இடத்தில் அது தானே புகுந்தது. புகுந்ததை நொதியம் குயினோன் வகை நச்சுப் பொருளாக மாற்றிற்று. அந்நஞ்சு நிறக்கலங்களைக் கெடுத்தது. நிறந்தணிதலும் கலம் அழிதலும் ஒரே வாயிலின் வழியே வந்தன. மெலனின் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் கேட்கும் கருவிக்கு, உறங்கும் கலமும் இறந்த கலமும் ஒன்றே. நன்மைக்கும் தீமைக்கும் அதன் முள் ஒரே பக்கமாகவே சாயும்.

ஆட்தொகையின் சிறுமையும் இங்கு நோக்கற்பாலது. பூசியோரில் நூற்றுக்கு 2 பேர் வீதம் கேடுற்றனர் எனக் கொள்க. ஐம்பது பேரைக் கொண்ட சோதனை ஒன்றில் ஒருவருக்கேனும் அது தோன்றாதிருத்தல் நூற்றுக்கு 36 அளவில் நிகழக்கூடியது. அதுவும், கேடு முழுவதும் சோதனைக் காலத்துக்குள்ளேயே வெளிப்படும் என்று வைத்துக் கூறும் கணக்கு. இத்தகைய சோதனைகள் பல எட்டு அல்லது பன்னிரண்டு வாரங்களில் முடிவன. வெண்டிட்டோ பலருக்குப் பன்மாதம் கழிந்தே தோன்றிற்று. பின்னர் 2011 முதலே முறைப்பாடுகள் வந்தபோதும், அவை இயற்கையாக வரும் வெண்குட்டமென்றே கொள்ளப்பட்டன. சிறு சோதனை தந்த நம்பிக்கை பெருஞ்சான்றையும் காணவொட்டாது மறைத்தது.

முன்னறிவு இல்லாமையும் காரணமன்று. ஐக்கிய அமெரிக்காவில் தோல் பதனிடும் சாலையொன்றிற் பணிபுரிந்தோர் அணிந்த இறப்பர்க் கையுறைகளில் ஐதரோக்குயினோனின் வழிப்பொருள் ஒன்று கலந்திருந்தமையால் அவர்கள் கைகள் வெளுத்தன என்பது 1939-இலேயே அறிவிக்கப்பட்டது. தைரோசினை ஒத்த பீனோல் வகைப் பொருள்கள் நிறக்கலத்தை அழிக்கக்கூடும் என்பது அதன்பின் மருத்துவ நூல்களில் இடம்பெற்ற செய்தியே.

ரோடோடெனால் நஞ்சாக மாறும் வழியை யப்பானிய இரசாயனர் 2014-இல் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே மனித நொதியத்தைக் கொண்டும் அது மெய்ப்பிக்கப்பட்டது. முதலில் அவர்கள் சோதனைக் குழாயில் இட்டது காளானின் தைரோசினேசே. எவ்வளவு தடுக்கின்றது என்று கேளாமல், தடுக்கும் பொருள் தான் என்னவாகின்றது என்று அவர்கள் கேட்டனர்.